மலைநாட்டு வீதிக்கு அளவான ரேஸிங் சைக்கிள்: பழைய 56ஐ விற்றுவிட்டு எந்த அளவில் வாங்குவது?

தலவாக்கலை ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். 2022ஆம் ஆண்டில் பெற்றோல் வரிசைகள் நகரைத் தாண்டி நீண்டிருந்த நாட்களில், பாடசாலைக்குப் போய்வர வேறு வழியின்றி ஒரு பழைய ஜப்பானிய ரேஸிங் சைக்கிளை வாங்கினேன். அளவு பார்த்து வாங்கும் நிலையில் அப்போது யாரும் இருக்கவில்லை. கொள்கலனில் வந்தவை கடைவாசலில் இறக்கப்பட்ட அன்றே விலைபோய்க்கொண்டிருந்தன. சில்லு இரண்டும் நேராகச் சுழல்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். நெருக்கடி தீர்ந்த பின்னரும் சைக்கிள் பழக்கம் என்னை விடவில்லை. இப்போது கிழமை நாட்களில் கொட்டகலை வரையிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் நானுஓயா வழியாக நுவரெலியா வரையிலும் போய்வருகிறேன்.

சிக்கல் என்னவென்றால், ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஓட்டினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது, கழுத்து இறுகுகிறது, இரு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. சைக்கிள் இரும்புச் சட்டகம் கொண்டது. சீட் குழாய் 56 சென்றிமீற்றர், தரைக்குச் சமாந்தரமாக உள்ள மேல் குழாயும் அதே 56 சென்றிமீற்றர். என் உயரமோ 166 சென்றிமீற்றர். ஹேண்டில் எட்டாததால் சீட்டை அதன் அடியிலுள்ள தண்டவாளத்தில் முடிந்த மட்டும் முன்னுக்குத் தள்ளினேன். ஹேண்டிலைச் சட்டகத்தோடு இணைக்கும் கையான ஸ்டெம்மையும் 70 மில்லிமீற்றர் அளவுள்ள குட்டையான ஒன்றாக மாற்றினேன். முன்னால் 52, 42 பற்கள் கொண்ட இரு சக்கரங்களும், பின்னால் 13 முதல் 23 பற்கள் வரையிலான ஆறு சக்கரங்களும் உள்ளன.

இரண்டரை இலட்சம் ரூபா வரை சேர்த்துவைத்திருக்கிறேன். கொழும்பிலுள்ள ஒரு கடையில் தொலைபேசியில் விசாரித்தபோது, என் உயரத்தைக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு 54 சரியாக இருக்கும், தூரமாகத் தெரிந்தால் ஸ்டெம்மைக் குட்டையாக்கித் தருகிறோம்” என்றார்கள். அவர்களிடம் அந்த அளவு மட்டுமே கையிருப்பில் உள்ளது என்பது பேச்சின் இறுதியில்தான் வெளிவந்தது. ஏற்கனவே ஒருமுறை ஸ்டெம்மைக் குட்டையாக்கிப் பார்த்தவன் என்பதால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. உண்மையில் எந்த அளவு எனக்குப் பொருந்தும் என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

இன்னொன்று, பழையதை விற்பது பற்றியது. அதன் சீட் கம்பி குழாய்க்குள் இறுகிவிட்டது. மேலும் இல்லை, கீழும் இல்லை. இதைச் சொன்னால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். சொல்லாமல் விற்க எனக்கு மனமில்லை.

ஊவாக் காற்று:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் பண்டாரவளையில் இருக்கிறேன். உங்களைவிட நான்கு சென்றிமீற்றர் உயரம் குறைந்தவள். அளவில்லாத சைக்கிளில் ஓராண்டு அவதிப்பட்ட பிறகுதான் இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உயரத்தை மறந்துவிடுங்கள். 166 சென்றிமீற்றர் உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு உடல் நீளமாகவும் இருக்கும். இருவருக்கும் ஒரே சைக்கிள் பொருந்தாது. கடைக்காரர் கேட்டிருக்க வேண்டியது உள்கால் அளவு. வெறுங்காலுடன் சுவரில் முதுகை ஒட்டி நின்று, பாதங்களுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைச் சீட்டில் அமர்ந்தால் எவ்வளவு அழுத்தம் படுமோ அவ்வளவு அழுத்தத்துடன் கால்களுக்கிடையே மேலே தூக்குங்கள். புத்தகத்தின் ஓரம் சுவரில் முழுதாகப் படிய வேண்டும். மேசன்மார் வைத்திருக்கும் ரசமட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரையுள்ள தூரமே உங்கள் உள்கால் அளவு. மூன்று தடவை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை எல்லோரும் வெட்கப்பட்டுக் குறைவாகவே அளப்பார்கள்.

அந்த எண்ணை 0.883 ஆல் பெருக்கினால், பெடல்களைத் தாங்கும் கைகளான கிராங்க் இரண்டும் சேரும் நடு அச்சிலிருந்து, சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறைய வரும். 0.67 ஆல் பெருக்கினால், மேல் குழாய் சமாந்தரமாக உள்ள பழைய வகைச் சட்டகத்தின் சீட் குழாய் அளவு வரும். இவை தொடக்கப் புள்ளிகளே. பாதத்தின் நீளமும் சப்பாத்தின் அடித்தடிப்பும் சில மில்லிமீற்றர்களை மாற்றும். சீட் உயரம் சரிதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் அமர்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். இடுப்பு ஒரு பக்கமாகச் சரியாமல் கால் நேராக நீள வேண்டும். அதே உயரத்தில் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் தேவையான மடிப்பு தானாக வந்துவிடும்.

இனி உங்கள் வலிக்கு வருகிறேன். ஹேண்டில் தூரம் என்பதற்காகச் சீட்டை முன்னுக்குத் தள்ளியதுதான் முழங்காலைப் பதம் பார்த்திருக்கிறது என்று நினைக்கிறேன். சீட்டின் முன்பின் நிலை கால்களுக்காக அமைக்கப்பட வேண்டியது; கைகள் எட்டவில்லை என்பதைச் சீட்டைக்கொண்டு தீர்க்கக்கூடாது. கிராங்க் இரண்டும் தரைக்குச் சமாந்தரமாக இருக்கும்போது, முன்காலின் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், நூல் பெடலின் அச்சுக்கு அருகே விழ வேண்டும். உங்களுக்கு அது பெடலைத் தாண்டி முன்னால் விழும் என்று பந்தயம் கட்டுவேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவதற்குக் காரணம், எட்டிப் பிடிக்கும்போது உடலின் பாரம் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் விழுந்து அங்குள்ள நரம்பை அழுத்துவது. கையுறையின் பஞ்சு அதைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

இப்போதைய சைக்கிள்களில் மேல் குழாய் சரிவாக இருப்பதால், 52 அல்லது 54 என்று ஒட்டப்பட்டுள்ள எண் எந்தக் குழாயின் நீளமாகவும் இல்லாமற்போகலாம். ஸ்பெஷலைஸ்ட் போன்றவை எண்களில் அளவு சொல்கின்றன. ஜயண்ட் எஸ், எம், எம்எல் என்று எழுத்துகளில் சொல்கிறது. ஒரு நிறுவனத்தின் 52ஐ இன்னொன்றின் 52உடன் ஒப்பிட முடியாது. ஒப்பிடக்கூடியவை இரண்டே இரண்டு: நடு அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின், அதாவது சட்டகத்தின் முன்புறத்தில் ஹேண்டில் செருகப்படும் குழாயின், உச்சி வரையுள்ள கிடைத்தூரமான ரீச், அதே இரு புள்ளிகளுக்கும் இடையேயுள்ள செங்குத்துயரமான ஸ்டாக். இவை நிறுவனத்தின் அளவுப் பட்டியலில் மில்லிமீற்றரில் இருக்கும். ஸ்டாக்கை ரீச்சால் வகுக்கும்போது 1.5 அல்லது அதற்கு மேல் வந்தால் நிமிர்ந்து ஓட்டும் நெடுந்தூரச் சட்டகம், 1.4ஐ ஒட்டி வந்தால் குனிந்து ஓட்டும் போட்டிச் சட்டகம். உங்கள் கழுத்துக்கு முதலாவதே நல்லது.

பட்டியல் கிடைக்காத சைக்கிளையும் கடையிலேயே அளக்கலாம். பின்சில்லைச் சுவரில் முட்டவைத்துச் சைக்கிளை நேராக நிறுத்துங்கள். சுவரிலிருந்து நடு அச்சுக்குள்ள தூரத்தையும், சுவரிலிருந்து ஹேண்டில் குழாயின் உச்சி நடுவுக்குள்ள தூரத்தையும் தரைக்குச் சமாந்தரமாக அளந்து கழித்தால் ரீச் கிடைத்துவிடும். நான் இப்படி அளக்கத் தொடங்கியபோது கடைப் பையன் முதலாளியைக் கூப்பிட்டுவிட்டான். முதலாளி வந்து மறுமுனையைப் பிடித்தார்.

டிக்கோயா நடை:

என் கருத்து சற்று வேறானது. அந்தக் காலத்து ஜப்பானிய இரும்புச் சட்டகம் ஒன்றை இன்று விற்றால் திரும்ப வாங்க முடியாது. ஸ்டெம், ஹேண்டில், கியர் ஆகியவற்றை மாற்றி அதையே வைத்துக்கொள்ளலாமே? இரண்டரை இலட்சத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாது.

கம்பளை பாஸ்:

டிக்கோயா தம்பி சொல்வது, சைக்கிள் ஆளுக்கு அளவாக இருந்தால் சரி. 56 சென்றிமீற்றர் மேல் குழாயை ஆசிரியருக்காக எந்தப் பட்டறையிலும் வெட்டிக் குட்டையாக்க முடியாது. ஸ்டெம் ஏற்கனவே 70இல் இருக்கிறது; அதற்குமேல் குட்டையாக்கினால் இறக்கத்தில் ஹேண்டில் கையில் நிற்காமல் துள்ளும். பொதுவாக, ஒரு சைக்கிளோடு வந்த ஸ்டெம்மை 10 மில்லிமீற்றர் கூட்டிக் குறைப்பது பொருத்தம் பார்ப்பது. 40, 50 என்று குறைப்பது தவறான அளவை மூடி மறைப்பது. கொழும்புக் கடைக்காரரின் 54க்கும் இதே பதில்தான்.

கியரையும் சொல்கிறேன். ஆறு சக்கரம் கொண்ட அந்தக் காலச் சட்டகங்களில் பின்சில்லு பொருந்தும் அச்சு இடைவெளி பெரும்பாலும் 126 மில்லிமீற்றர். பின்னர் வந்த, சில்லின் விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் ரேஸிங் சைக்கிள்களில் அது 130. சில்லின் நடுவிலுள்ள தகட்டைப் பிடிக்கும் இப்போதைய டிஸ்க் பிரேக் சைக்கிள்களில் 142. பழையதில் பின்சக்கரத் தொகுதி, சில்லின் நடுப்பகுதியான ஹப்பில் மரை போட்டு இறுக்கப்படும் ஃப்ரீவீல். இன்றைய பின்சக்கரத் தொகுதியான கேசட் அதில் ஏறாது. புதிய பின்சில்லு, கியர் மாற்றி, முன்னால் சிறிய சக்கரம் வேண்டுமென்றால் புதிய கிராங்க் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். நான் திருத்தி வயிறு வளர்ப்பவன். இந்த வேலையை எடுத்தால் எனக்குத்தான் இலாபம். ஆனாலும் வேண்டாம் என்கிறேன், ஏனென்றால் எல்லாம் முடிந்த பிறகும் சட்டகம் 56ஆகவே இருக்கும்.

ஆசிரியர் ஐயா, உங்கள் சைக்கிள் கெட்ட சைக்கிள் அல்ல. அது வேறு ஒருவருடைய அளவு. ஊவாக் காற்றுத் தங்கை கொடுத்த கணக்கைத் திருப்பிப் போட்டால், 56ஐ 0.67 ஆல் வகுக்கும்போது 83, 84 சென்றிமீற்றர் உள்கால் வருகிறது. அப்படிப்பட்டவர் ஏறத்தாழ 175 முதல் 180 சென்றிமீற்றர் வரை உயரமாக இருப்பார். அவருக்குச் சீட் 74 சென்றிமீற்றரில் நிற்க வேண்டும். உங்கள் சீட் எவ்வளவு உயரத்தில் இறுகி நிற்கிறது? 68 என்று வைத்துக்கொண்டால், அந்தக் கம்பி ஆறு சென்றிமீற்றர் மேலே வந்தால்தான் சைக்கிள் விலைபோகும். ஆகவே கம்பியை மறைப்பதா சொல்வதா என்று யோசிப்பதை விட்டு, அதைக் கழற்றும் வேலையை முதலில் பார்ப்போம்.

அலுமினியக் கம்பி இரும்புக் குழாய்க்குள் கிறீஸ் இல்லாமல் பல வருடம் இருந்தால், நம்முடைய மலைநாட்டு ஈரத்தில் இரண்டும் ஒன்றையொன்று அரித்துக்கொண்டு வெள்ளை மாவு போல ஒரு பொருக்கை உண்டாக்கும். அந்தப் பொருக்குத் தன் இடத்தைவிடப் பருத்து, கம்பியை ஆப்பு வைத்தது போல இறுக்கிவிடும். சுத்தியலால் அடிக்காதீர்கள், குழாயின் வாய் விரிந்தால் சட்டகமே போய்விடும். சீட் இறுக்கும் ஆணியை முழுதாகக் கழற்றுங்கள். துருவிளக்கி எண்ணெயைக் கம்பியைச் சுற்றி விட்டு ஓர் இரவு வையுங்கள், மறுநாளும் அப்படியே. பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, நடு அச்சைக் கழற்றி, அந்த வழியாகக் குழாய்க்குள் கீழிருந்தும் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் கேட்காவிட்டால், அலுமினியப் பொருக்கைக் கரைக்கக்கூடியது அமோனியாக் கரைசல். அதைத் திறந்த வெளியில், கையுறை போட்டு, காற்று வரும் திசையில் நின்றுகொண்டு பயன்படுத்த வேண்டும். அதன்பின் பழைய சீட் ஒன்றைக் கம்பியில் மாட்டி, இருவர் சட்டகத்தைப் பிடித்துக்கொள்ள ஒருவர் சீட்டை இடமும் வலமும் திருப்ப வேண்டும். இழுப்பதல்ல, திருப்புவதுதான் வேலை. ஒரு மயிரிழை அசைந்தாலும் மீண்டும் எண்ணெய். வெளியே வந்ததும் குழாயின் உட்புறத்தைத் துடைத்துக் கிறீஸ் பூசுங்கள். கம்பியே பழுதாகிப் புதியது வாங்க நேர்ந்தால், பழைய கம்பியில் அடித்திருக்கும் விட்டத்தைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். 27.2, 27.0, 26.8 என்று அவை 0.2 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் வரும்; கண்ணுக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். மேலே தூக்கும்போது, கம்பியில் கீறியிருக்கும் குறைந்தபட்ச உள்நுழைவுக் கோடு குழாய்க்கு வெளியே தெரியக் கூடாது.

விற்பனையைப் பற்றி: விளம்பரத்தில் “நல்ல நிலையில் உள்ளது” என்று எழுதுவது ஒன்றும் எழுதாததற்குச் சமம். சீட் குழாய் 56, மேல் குழாய் 56, உள்கால் 83க்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது, கட்டையானவர்களுக்கு ஏற்றதல்ல என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். வீணாக வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிடுவார்கள். செயின் தேய்மானத்தையும் அளந்து எழுதுங்கள். அடிமட்டத்தின் பூச்சியத்தை ஒரு செயின் முளையின் நடுவில் வைத்தால், புதிய செயினில் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு முளையின் நடு சரியாக வரும். அது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின்சக்கரமும் அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் மலிவு, போட்டுவிட்டே விற்கலாம். ஆனால் விற்பதற்காகப் புது டயரும் புதுச் சீட்டும் போடாதீர்கள், அந்தப் பணம் திரும்பி வராது. பெயின்ட் அடிக்கவே வேண்டாம். பழைய சட்டகத்தில் புதுப் பெயின்டைக் கண்டால், கீழே வெடிப்பை ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் என்னைப் போன்றவன் நினைப்பான்.

படங்களைப் பகல் வெளிச்சத்தில், செயின் உள்ள பக்கமிருந்து எடுங்கள். கீறலையும் நெளிவையும் கிட்டவைத்து எடுங்கள். நடு அச்சின் அடியில் அடித்திருக்கும் சட்டக இலக்கத்தைக் குறித்துவைத்து, வாங்கியபோது கிடைத்த பற்றுச்சீட்டுடன் நேரில் வருபவரிடம் காட்டுங்கள், இணையத்தில் போடாதீர்கள். விற்கும்போது இரு பக்கமும் கையெழுத்திட்டு, இலக்கம், திகதி, தேசிய அடையாள அட்டை எண் எழுதிய துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தச் சைக்கிள் வேறு எங்கேயாவது பொலிஸில் அகப்பட்டால் அந்தத் துண்டுதான் பேசும். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் முழுத் தொகையையோ வந்தவரின் மோட்டார் சைக்கிள் சாவியையோ கையில் வாங்கிக்கொண்டு. வங்கியில் போட்டுவிட்டதாகக் கைத்தொலைபேசியில் காட்டும் படத்தை நம்பாதீர்கள்; உங்கள் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே சைக்கிளைக் கொடுங்கள்.

தலவாக்கலை ஆசிரியர்:

இருவருக்கும் மிக்க நன்றி. டிக்கோயா தம்பியின் பரிந்துரையும் மனதுக்கு நெருக்கமானதுதான், ஆனால் பாஸ் சொன்ன கணக்குக்கு முன்னால் நிற்கவில்லை.

அளந்துவிட்டேன். உள்கால் 77 சென்றிமீற்றர்; முதல் தடவை 75.5 வந்தது, வெட்கம் பற்றி ஊவாக் காற்றுச் சகோதரி எழுதியது சரியே. அதன்படி சீட் உயரம் 68, சட்டகம் 51.6. பாஸ் ஊகித்த 68 அப்படியே பொருந்துவதைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். தூக்குக்குண்டுப் பரிசோதனையில் நூல் பெடல் அச்சுக்கு மூன்று விரல் முன்னால் விழுந்தது. நிறுத்தும்போதெல்லாம் ஒரு காலில் சாய்ந்தே நின்றுவந்ததற்கான காரணமும் புரிந்தது: மேல் குழாய் தரையிலிருந்து 81 சென்றிமீற்றரில் இருக்கிறது, அதாவது என் உள்காலைவிட நான்கு சென்றிமீற்றர் அதிகம். மூன்று வருடமாக இது என் பழக்கக் குறைவு என்றே எண்ணியிருந்தேன்.

இப்போது கண்டியில் இரு சைக்கிள்கள் பார்த்திருக்கிறேன். இரண்டும் அலுமினியச் சட்டகம், இரண்டின் ரீச்சும் 370 மில்லிமீற்றரை ஒட்டியவை. முதலாவது எட்டுக் கியர் கொண்ட ஷிமானோ கிளாரிஸ் கியர்த் தொகுதி, ரிம் பிரேக், முன்னால் 50, 34, பின்னால் 11 முதல் 28 வரை. இரண்டாவது ஒன்பது கியர் கொண்ட ஷிமானோ சோரா, கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், முன்னால் அதே 50, 34, பின்னால் 11 முதல் 34 வரை. இரண்டாவது என் கையிருப்பைவிடச் சற்று அதிகம்; பழையது விற்றால் சரிக்கட்டலாம். அந்த வித்தியாசத்துக்கு அது தகுமா?

ஊவாக் காற்று:

தகும், ஐயா. இரண்டு காரணங்கள், முதலாவது கியர்.

உங்கள் பழைய சைக்கிளின் மிக இலகுவான கியர் 42க்கு 23. 700 அளவுச் சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீற்றர் என்பதால், அந்தக் கியரில் ஒரு முழு மிதிப்புக்குச் சைக்கிள் 3.8 மீற்றர் போகும். நானுஓயா ஏற்றத்தில் நீங்கள் மணிக்கு 9 கிலோமீற்றர் வேகத்தில் போகிறீர்கள் என்றால், நிமிடத்துக்கு 40 தடவைதான் மிதிக்கிறீர்கள். அதாவது ஒவ்வொரு மிதியும் படியேறுவது போல முழங்காலில் விழுகிறது. அதே வேகத்தை 34க்கு 28இல் நிமிடத்துக்கு 60 மிதிப்பில் எட்டலாம். 34க்கு 34 என்பது ஒன்றுக்கு ஒன்று. 60 மிதிப்புக்கு வேகம் மணிக்கு ஏழரைக் கிலோமீற்றராகக் குறையும், ஆனால் மூச்சும் முழங்காலும் உங்கள் கையில் இருக்கும். தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீற்றரில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். இடையில் வரும் இறக்கங்களைக் கணக்கில் எடுக்காமலேயே 650 மீற்றருக்குமேல் ஏறுகிறீர்கள். சமவெளியில் எழுதப்படும் விமர்சனங்களில் 28 போதும் என்பார்கள். அவர்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஏற்றம் கிடையாது.

முதலாவது சைக்கிளிலும் பின்கேசட்டை மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் பின்கியர் மாற்றியான டிரெய்லியரின் கை நீளமானதா என்று பார்க்க வேண்டும். குட்டைக் கை பெரிய சக்கரத்தைத் தாங்காது, செயினையும் நீட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம் பிரேக். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, எங்கள் ஊவாப் பக்கம் டிசம்பரை ஒட்டி வடகீழ்ப் பருவமழை. ஆக மலைநாட்டில் எப்போதும் யாரோ ஒருவர் ஈரவீதியில் இறங்கிக்கொண்டிருக்கிறார். ரிம் ஈரமாக இருந்தால் முதற்பிடியில் கட்டை நீரைத் துடைப்பதற்கே ஒரு சுற்று போய்விடும். நான் ரிம் பிரேக்கில் ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு மழையில் இறங்கிய ஒரு நாள், கீழே வந்து கைவிரல்களை ஹேண்டிலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். ரிம்மில் சாம்பல் நிறக் கூழ் வழிந்துகொண்டிருந்தது. அது பிரேக் கட்டையும் மணலும் சேர்ந்து அரைந்த கூழ். ஒவ்வொரு மழைக்காலமும் ரிம்மின் சுவரை அப்படித்தான் அரைத்து மெலிதாக்குகிறது. வெயில் காலத்திலோ, நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும் ஆபத்து உண்டு. டிஸ்க்கில் தேய்வது தகடும் பட்டையும்தான், அவற்றை மாற்றிவிடலாம். கேபிள் டிஸ்க்கில் பட்டை தேயத் தேய இடைவெளியை நீங்களே சரிசெய்ய வேண்டும், அதைக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்.

வாங்கும்போது மேலும் மூன்றைக் கேட்டுப் பாருங்கள். ஹேண்டிலின் அகலம் உங்கள் தோள் எலும்புகளின் அகலத்தை ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் உயரத்துக்குப் பெரும்பாலும் 40 சென்றிமீற்றர் சரியாக இருக்கும். கிராங்க் நீளம் 170 மில்லிமீற்றரைத் தாண்ட வேண்டாம், 165 கிடைத்தால் முழங்கால் நன்றி சொல்லும். சட்டகத்தில் 32 மில்லிமீற்றர் டயர் ஏறுமா என்று பாருங்கள். தோட்டத்து வீதிகளின் குழிகளை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஒரு வேண்டுகோள். ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஓட்டும்போது ஹேண்டிலின் மேற்பகுதியைப் பிடித்துக் கடைவாசலில் ஒரு வட்டம் அடித்தால் எந்தச் சைக்கிளும் நன்றாகத்தான் இருக்கும். பிரேக் பிடியின்மேல் கையை வைத்து, முழங்கை சற்று மடிந்த நிலையில் இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். அந்த நிலையில் முழங்கை விறைத்து நேராகிவிட்டால், கடைக்காரர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அது உங்கள் அளவல்ல.

தலவாக்கலை ஆசிரியர்:

ஆறு கிழமைகளுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

சீட் கம்பிக்கு எண்ணெயுடன் நான்கு இரவுகள் தேவைப்பட்டன. அமோனியா வரை போகவில்லை. ஐந்தாம் நாள் என் மைத்துனர்மார் இருவர் சட்டகத்தைப் பிடித்துக்கொள்ள, நான் சீட்டைத் திருப்பினேன். பல் பிடுங்குவது போன்ற ஓர் ஓசையுடன் அசைந்தது. வெளியே வந்தபோது, கம்பியைச் சுற்றி பாஸ் சொன்ன அந்த வெள்ளை மாவு திருநீறு போல ஒட்டியிருந்தது.

விளம்பரத்தில் எல்லாவற்றையும் எழுதினேன்: கம்பி இறுகியிருந்ததையும் கழற்றியதையும், இடது பக்கம் மேல் குழாயிலுள்ள சிறு நெளிவையும், கட்டையானவர்களுக்கு ஏற்றதல்ல என்பதையும். முதல் பத்து நாட்கள் தொலைபேசி மௌனமாக இருந்தது. என் நண்பரும் “சொன்னேனே” என்றார். பிறகு லிந்துலையிலிருந்து ஓர் இளைஞர் தகப்பனாருடன் வந்தார். ஆறடிக்குச் சற்றுக் குறைவு. வீட்டு வாசலிலேயே புத்தகத்தைக் கொடுத்து உள்கால் அளக்கச் சொன்னேன். தகப்பனார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். 84.5 வந்தது. சீட்டை உயர்த்தி, தண்டவாளத்தில் பின்னுக்கு நகர்த்தி, என் பழைய நீளமான ஸ்டெம்மையும் மாட்டிக்கொடுத்தேன். ஓட்டிவிட்டு வந்தவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. தகப்பனார்தான் இரண்டாயிரம் ரூபா குறைத்தார். 2022இல் நான் கொடுத்ததைவிடக் கிடைத்தது குறைவுதான், ஆனால் அந்த விலை அன்றைய பெற்றோல் வரிசையின் விலை. கையெழுத்துத் துண்டு என் மேசைக்குள் இருக்கிறது.

புதியதாக அந்த இரண்டாவது சைக்கிளையே வாங்கினேன். கிராங்க் 170, ஹேண்டில் 40. கடைக்காரர் 28 மில்லிமீற்றர் டயரைக் கழற்றி 32 போட்டுத்தந்தார். இதுவரை மூன்று தடவை நுவரெலியா போய்வந்துவிட்டேன். முழங்கால் வலி இல்லை. விரல்கள் கடைசி அரை மணி நேரத்தில் மட்டும் சற்று மரக்கின்றன. நேற்றிலிருந்து கியர் மாறும்போது செயின் ஒரு கணம் தயங்கிச் சத்தமிடுகிறது. பழுதா?

கடந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகலைச் சந்தியில் அந்த இளைஞரைக் கண்டேன். பழைய இறுக்கத்தின் பொருக்கு வளையம் கம்பியில் இன்னும் தெரிகிறது, குழாய்க்கு மேலே ஆறரைச் சென்றிமீற்றரில்.

கம்பளை பாஸ்:

பழுது இல்லை, ஐயா. புதுக் கேபிளின் உறை முதல் இருநூறு கிலோமீற்றருக்குள் படிந்து அமரும். அப்போது கேபிள் தளர்ந்து கியர் தயங்கும். பின் டிரெய்லியரில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள திருகை அரைச் சுற்று இடஞ்சுழியாகத் திருப்பிப் பாருங்கள். சரிவராவிட்டால் மீண்டும் அரைச் சுற்று, அதற்குமேல் தொடாதீர்கள். விரல் மரத்துப்போவதற்கு, சீட்டின் மூக்கு கீழே சரிந்திருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். சரிந்திருந்தால் உடம்பு முன்னுக்கு வழுக்கிப் பாரம் கையில் விழும்.

அப்படியும் தீராவிட்டால் ஒரு சனிக்கிழமை ஓட்டிக்கொண்டே வாருங்கள். பூண்டுலோயா வழியாகத் தவலந்தென்னைக்கு இறங்கினால் புசல்லாவை தாண்டிக் கம்பளைக்கு வந்துவிடலாம். காலையில் வெள்ளன வாருங்கள், பின்னேரத்தில் மழை பிடிக்கும்.